பீகாரைவிடக் கேரளாவில் இறப்பு விகிதம் அதிகமாக இருப்பது ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று எனக்கும் தெரிய வேண்டுமே. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி கேரளாவில் ஆயிரம் பேருக்கு 7 பேர் இறந்திருக்கிறார்கள், பீகாரில் 5.4 பேர்தான், அப்படியென்றால் கேரள ஆஸ்பத்திரிகளைப் பற்றி இத்தனை வருஷமாகக் கேட்டதெல்லாம் கதையா என்பது முதல் பாதி. நாடே இரண்டு பிள்ளையோடு நிறுத்திவிட்டது என்கிறார்கள், அப்புறம் ஜனத்தொகை ஏன் இன்னும் ஏறிக்கொண்டே போகிறது என்பது மறுபாதி. இரண்டு கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான்: பேப்பரில் பிறப்பு விகிதம், இறப்பு விகிதம் என்று ஒரு எண்ணைப் போடுகிறார்களே, அது எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது?

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பேராசிரியரும் இல்லை, டாக்டரும் இல்லை. அரசுப் புள்ளிவிவர வேலையில் 28 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பகுதி தென் மாவட்டங்களில் வீடு வீடாகப் போய், யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்று சரிபார்த்த வேலை. அதனால் இந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்பதைத் தைரியமாகச் சொல்வேன். எதனால் ஏறின, எதனால் இறங்கின என்று வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன்.

கேரளா விஷயத்துக்கு நேரான பதில்: அங்கே கிழவர் கிழவிகள் அதிகம், பீகாரில் பிள்ளைகள் அதிகம். அவ்வளவுதான். இறப்பு விகிதம் என்பது ஒரு வருஷத்தில் இறந்தவர்களை மொத்த ஜனத்தொகையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவது. வகுக்கும்போது கைக்குழந்தையும் எண்பது வயதுக்காரரும் ஒரே தலையாகத்தான் எண்ணப்படுகிறார்கள். கேரளாவில் 2021 வாக்கில் நூற்றுக்கு 16 பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பீகாரில் எட்டுக்கும் குறைவு. 2011 சென்சஸில் பீகாரில் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்குக் கீழே, கேரளாவில் 23 பேர். பள்ளிக்கூடம் நிறைந்த தெருவையும் ஓய்வூதியர் நிறைந்த தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தத் தெருவில் சாவு மேளம் அதிகம் கேட்கிறது என்று எண்ணினால் என்ன தெரியும்?

நம்பிக்கை வராவிட்டால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் நானே கணக்குக்காக வைத்துக்கொண்டவை, எந்த அறிக்கையிலும் தேடாதீர்கள். முதல் ஊரில் ஆயிரம் பேர், அதில் 165 பேர் முதியவர்கள். முதியவர்களில் ஆயிரத்துக்கு 35 பேர் வீதம் இறக்கிறார்கள், மற்றவர்களில் ஆயிரத்துக்கு ஒன்றரை. கூட்டினால் வருஷத்துக்கு 7 சாவு. இரண்டாவது ஊரிலும் ஆயிரம் பேர், முதியவர்கள் 77 பேர்தான். இங்கே முதியவர்கள் ஆயிரத்துக்கு 42 வீதமும் மற்றவர்கள் 2.4 வீதமும் இறக்கிறார்கள், அதாவது எந்த வயதை எடுத்தாலும் முதல் ஊரைவிட மோசம். ஆனால் கூட்டிப் பாருங்கள், ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஒவ்வொரு வயதிலும் தோற்ற ஊர் மொத்தத்தில் ஜெயிக்கிறது. அசலை அறிய வேண்டுமானால் வேறு எண்ணைப் பார்க்க வேண்டும். அதே 2020இல் ஒரு வயது முடிவதற்குள் இறந்த குழந்தைகள், பிறந்த ஆயிரத்துக்கு, கேரளாவில் 6, பீகாரில் 27. சராசரி ஆயுளிலும் கேரளா ஐந்தாறு வருஷம் முன்னால் நிற்கிறது. ஆஸ்பத்திரி விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது கதை இல்லை.

இது புரிந்தால் நூறு வருஷ வரைபடத்தைப் படிக்கலாம். இந்தியாவில் 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட பத்து வருஷத்தில் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 48, இறப்பு விகிதம் 47. பெற்றதும் புதைத்ததும் கிட்டத்தட்ட சமம். 1921 சென்சஸில் தலையை எண்ணியபோது பத்து வருஷத்துக்கு முன் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது, இன்றுவரை அப்படிக் குறைந்தது அதுதான் கடைசி. 1918இல் வந்த விஷக்காய்ச்சல்தான் (இன்ஃப்ளூயன்ஸா) முக்கியக் காரணம். ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஒன்றரைக் கோடியா அதற்கும் மேலா என்பதில்தான் சண்டை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பத்து வருஷமும் இறப்பு இறங்கியது: 36, 31, 27. பிறப்போ நாற்பதுக்குக் கீழே போக மாட்டேன் என்று அடம் பிடித்தது, 1961க்கும் 71க்கும் நடுவில்கூட 41. இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே விரிந்த இடைவெளிதான் நாம் ஜனத்தொகைப் பெருக்கம் என்று சொல்வது. நாம் திடீரென்று அதிகம் பெற்றுக்கொள்ள ஆரம்பிக்கவில்லை. பெற்றது சாகாமல் இருந்தது.

இந்தப் பழைய எண்களை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால், போகும் திசையை முழுக்க நம்பலாம், தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் மதராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு கிராம முன்சீப்பிடம் இருந்தது. தலையாரி வந்து சொன்னால் எழுதுவார். தலையாரி போகாத தெருவில் பிறந்தது பிறக்காததுதான், பெயர் வைப்பதற்குள் போன பச்சைக் குழந்தை இரண்டு பதிவேட்டிலும் இருக்காது. ஆகவே நான் மேலே கொடுத்த எண்கள் பதிவேட்டைக் கூட்டி வந்தவை அல்ல. ஒரு சென்சஸில் பத்து வயதுக்குள் இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், இறந்தவர்களையும் சேர்த்து எத்தனை பேர் பிறந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு எடுத்தவை. அந்தக் கணக்குக்கு வயது சரியாக இருக்க வேண்டும். நம் ஊரில் வயது கேட்டால் முப்பது, முப்பத்தஞ்சு, நாற்பது என்றுதான் வரும். முப்பத்தேழு வயதுக்காரரை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். பூஜ்ஜியத்திலும் ஐந்திலும் ஜனங்கள் குவிந்து கிடப்பார்கள், அதைச் சமன் செய்யத் தனி சூத்திரமே உண்டு.

1969-70 முதல் நாடு முழுவதும் எஸ்.ஆர்.எஸ். என்ற மாதிரிப் பதிவு முறை வந்தது. நான் மேலே சொன்ன 2020 எண்கள் எல்லாம் அதிலிருந்து வருபவை. முறை எளிமையானது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. தேர்ந்தெடுத்த ஒரு கிராமத்திலோ நகரத்து வட்டத்திலோ உள்ளூர்க்காரர் ஒருவர், பெரும்பாலும் வாத்தியாரோ அங்கன்வாடிக்காரரோ, வருஷம் முழுக்கப் பிறப்பு இறப்பை எழுதிக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து ஒருவர், அதாவது என்னைப் போன்றவர், அந்த நோட்டைப் பார்க்காமல் வீடு வீடாகப் போய்த் தானாகக் கேட்டு எழுதுவார். பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததை மறுபடி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது நடைதான் உயிர். வாத்தியார் விட்டதை நான் பிடிப்பேன், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண்ணை நான் விட்டிருப்பேன், அதை அவர் பிடித்திருப்பார். இன்றைக்கு இப்படி 8,800க்கு மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. அதனால் 1971க்குப் பிந்தைய எண்களை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன் என்று சொல்ல மாட்டேன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். 1971இல் இந்தியா முழுதுக்கும் பிறப்பு 36.9, இறப்பு 14.9. 1991இல் 29.5, 9.8. 2011இல் 21.8, 7.1. 2020இல் 19.5, 6.0.

இறப்பு ஏன் இறங்கியது? இதில் உறுதியானது எது, இழுபறியானது எது என்று பிரித்துக்கொள்வோம். பஞ்சம் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது 1921க்குப் பிறகு அரிதாகிவிட்டது (1943 வங்காளம் பயங்கரமான விதிவிலக்கு), பிளேக் ஓய்ந்தது, காலரா அடங்கியது, பெரியம்மை 1975இல் இந்தியாவை விட்டே போனது, இவை உறுதி. 1971 வங்கதேசப் போரில் அகதிகளாக வந்தவர்கள் மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த கரைசலை வாளி வாளியாகக் கொடுக்க, நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே வந்ததும் உறுதி. அந்தப் பொட்டலம்தான் பிறகு ஓ.ஆர்.எஸ். என்று ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வந்தது.

இழுபறி எங்கே என்றால், எதற்கு எத்தனை மார்க் என்பதில். மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்தின்போது வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்குக் காய்ச்சல், எட்டு லட்சம் சாவு என்று மதிப்பீடு, டி.டி.டி. என்ற கொசு மருந்தைத் தெளித்து 1965 வாக்கில் நோயாளி எண்ணிக்கையை ஒரு லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியானால் இறப்பு விகிதம் விழுந்ததற்கு டி.டி.டி.தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1976இல் மலேரியா 64 லட்சம் பேருக்குத் திரும்பி வந்தது, இறப்பு விகிதம் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இதே விவாதம் இலங்கையில் இன்னும் சூடாக நடந்தது. அங்கே 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு ஒரே வருஷத்தில் 14க்கு வந்தது, உலகமே டி.டி.டி.யைக் கொண்டாடியது. பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துப் பார்த்தவர்கள், மலேரியாவே அதிகம் இல்லாத தென்மேற்கிலும் இறப்பு இறங்கியிருப்பதைக் காட்டினார்கள். போர் முடிந்து சாப்பாடு கொஞ்சம் தாராளமானது, கிராமத்து மருத்துவமனை, மருத்துவச்சிப் பயிற்சி, படித்த அம்மாக்கள் எல்லாமே அதில் பங்கு கேட்டு நிற்கின்றன. தெளித்ததால் பெரிய பலன் உண்டு, அது மட்டும்தான் காரணம் இல்லை. நான் ஒத்துக்கொள்வது இவ்வளவு.

இனிப் பிறப்பு. என்னைக் கேட்டால் இதுதான் சுவாரஸ்யமான பாதி, எனக்குத் தெரிந்த பாதியும் இதுதான். 1990களில் விருதுநகர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். திண்ணையில் ஒரு பாட்டி பருத்தி ஆய்ந்துகொண்டிருந்தார். எத்தனை பிள்ளைங்க பாட்டி என்றேன். "நாலு தம்பி." எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஏனென்றால் இருப்பதைத்தான் சொல்வார்கள். தங்காம போனது ஏதும் உண்டா பாட்டி என்று கேட்டேன். கை நின்றது. "அது மூணு. அதையுமா கவருமெண்டுல எழுதுவாக?" எழுதுவோம் என்றேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஒன்று அம்மையில், ஒன்று பிறந்த எட்டாம் நாள் ஜன்னி கண்டு, இன்னொன்று வயிற்றுப்போக்கில். வருஷம் தெரியாது, ஆனால் தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது கடைக்குட்டி கைப்பிள்ளை என்பது தெரியும். பெத்தது ஏழு, தங்கினது நாலு. அந்தப் பாட்டியின் மகள் உள்ளேயிருந்து வந்தார், அவருக்கு மூன்று, மூன்றும் இருந்தன. மருமகள் இரண்டோடு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். ஒரு வாசல்படியில் நாட்டின் முழு வரைபடமும் நின்றது.

சரி, இதற்கு இன்னொரு சாட்சி வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. பழைய பட்டியலில் குப்பன், குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள், தவிடன் என்று பெயர்கள் வரிசையாக வரும். முன்னால் இரண்டு மூன்று குழந்தை தங்காமல் போன வீட்டில் அடுத்தது பிறந்தால் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுப்பார்கள், அல்லது பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்குவார்கள். இது ஒன்றுக்கும் உதவாத பிள்ளை, எடுத்துக்கொண்டு போகாதே என்று எமனுக்குக் காட்டுகிற வேஷம் அது. எழுபதுகளுக்குப் பிறகு பிறந்தவர்களிடம் அந்தப் பெயர்கள் குறைகின்றன, அப்புறம் காணாமலே போகின்றன. சினிமா பார்த்துப் பெயர் மாறியது என்று சொல்லலாம், அதுவும் ஒரு காரணம்தான். எமனை ஏமாற்ற வேண்டிய தேவை போனதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இதை நான் எண்ணிப் பார்த்து ஆய்வு ஏதும் செய்யவில்லை, பட்டியல் சரிபார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பாட்டிக்கு ஏன் ஏழு, மருமகளுக்கு ஏன் இரண்டு? எல்லாரும் சொல்லும் பதில் பாதுகாப்பு: ஏழு பெற்றால்தான் நாலு மிஞ்சும் என்று தெரிந்தவர்கள் ஏழு பெற்றார்கள், எல்லாம் மிஞ்சும் என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள். பொதுவாகச் சரி. ஆனால் சாவு குறைந்தது உடனே யாருக்கும் தெரிவதில்லை. தன் தெருவில் பத்து இருபது வருஷம் குழந்தைச் சாவு அரிதாகிப் போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புவார்கள், அதனால்தான் பிறப்புக் கோடு இறப்புக் கோட்டுக்கு ஒரு தலைமுறை பின்னால் வருகிறது. அதோடு பிள்ளையின் விலையும் மாறியது. ஆறு வயதில் ஆடு மேய்த்து, பத்து வயதில் களை எடுத்த பிள்ளை வீட்டுக்கு வரவு. அதே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தால் செலவு. "ரெண்டுன்னா படிக்க வைக்கலாம், நாலுன்னா நாலும் மாடு மேய்க்கும்" என்று எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன், சொன்னவர்களில் பலர் கைநாட்டு.

இந்தக் கைநாட்டு விஷயம் முக்கியம். கேரளாவில் பெண்கள் படித்தார்கள், பிறப்பு இறங்கியது என்ற விளக்கம் அழகாகப் பொருந்தும். 1980களின் கடைசியில் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 பிள்ளை என்ற அளவுக்கு வந்துவிட்டது. (இரண்டு பெற்றோருக்கு இரண்டு பிள்ளை போதாதா, அந்த 0.1 எதற்கு என்றால், பெரியவர்களாகும் முன் இறந்துபோகிற சிலருக்கும், ஆண் குழந்தைகள் கொஞ்சம் அதிகம் பிறப்பதற்கும்.) ஆனால் தமிழ்நாடு 1990களிலேயே அதைத் தொட்டபோது இங்கே பெண் கல்வி கேரளா அளவுக்கு இல்லை, குழந்தை இறப்பும் அவ்வளவு குறைந்திருக்கவில்லை. படிக்காத பெண்களும் இரண்டோடு நிறுத்தினார்கள். சத்துணவால் பிள்ளைகள் பள்ளியில் தங்கியது, ஊருக்கு ஊர் பஸ், தீப்பெட்டி ஆபீஸ் சம்பளம், சுயமரியாதை மேடைகளில் கர்ப்பத்தடை பற்றி 1930களிலேயே கூச்சமில்லாமல் பேசியது, கிராம நர்ஸம்மா என்று பலரும் பல காரணம் சொல்வார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். இதுதான் என்று ஒன்றை மட்டும் அடித்துச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

அரசுத் திட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. உலகத்திலேயே முதலில் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு இந்தியா, 1952இல். 1951 சென்சஸ் கமிஷனராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி, ஏற்கனவே மூன்று பிள்ளை பெற்று அதில் ஒன்றாவது உயிரோடு இருக்கும்போது மேலும் பெறுவதைப் பொறுப்பற்ற தாய்மை என்று சென்சஸ் அறிக்கையிலேயே எழுதினார். பின்னால் சென்னை மாநிலத்துக்கு வந்து ஆண்களுக்கான ஆபரேஷனைத் தள்ளு தள்ளென்று தள்ளினார். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் 63,000க்கு மேல் ஆபரேஷன் நடந்தது. பிறகு எமர்ஜென்சி: 1976-77இல் மட்டும் 82 லட்சம், அதில் முக்கால்வாசி ஆண்களுக்கு, அதில் எத்தனை சம்மதத்தோடு என்பதை 1977 தேர்தலில் வட இந்தியா சொன்னது. அதன் விளைவை இன்றும் பார்க்கலாம். அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் திரும்பத் துணியவில்லை, பாரம் முழுக்கப் பெண் தலையில் விழுந்தது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண்கள் ஆயிரத்துக்கு ஒருவர் இரண்டு பேர் தேறினால் அதிகம். திட்டம் இல்லாவிட்டால் பிறப்பு இறங்கியிருக்காதா? இறங்கியிருக்கும், தாமதமாக. இது என் கருத்து, நிரூபணம் இல்லை. பிள்ளை இரண்டு போதும் என்றான பிறகு அந்த இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்ற வெறி கூடியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டி, சேலம் பக்கம் நடந்த பெண் சிசுக்கொலையும், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் இந்தக் கதையின் வெளியே இல்லை, உள்ளேதான்.

இப்போது உங்கள் மறுபாதிக்கு வருகிறேன். 1971இல் ஒரு இந்தியப் பெண்ணுக்குச் சராசரி 5.2 பிள்ளை, 2020இல் 2.0. ஆனால் 1971இல் நாடு 55 கோடி, ஆயிரத்துக்கு 37 என்றால் பிறந்தது சுமார் 2 கோடிக் குழந்தைகள். 2020இல் பதிவானது மட்டுமே 2.4 கோடி அளவுக்கு. ஆளுக்கு ஆள் பாதியாகக் குறைத்தும் மொத்தம் குறையவில்லை, காரணம் பெறுகிற வயதில் இருக்கும் பெண்களின் கூட்டம் பெருத்துவிட்டது. அவர்கள் நாலும் ஐந்தும் பெற்ற அம்மாக்களின் மகள்கள். கணக்குக்காக, அந்தப் பாட்டியின் நாலு பிள்ளைகளும் ஆளுக்கு இரண்டுதான் பெற்றதாக வைத்துக்கொண்டால் பேரப்பிள்ளை எட்டு. ஒருவர்கூட இரண்டைத் தாண்டவில்லை, ஆனாலும் வீட்டில் தலை கூடிவிட்டது, பாட்டியும் இன்னும் திண்ணையில் இருக்கிறார். ஓடுகிற பஸ்ஸில் பிரேக் போட்டதும் பஸ் நின்றுவிடாது, கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். ஐ.நா. கணிப்பில் இந்தியா 2060களில் 170 கோடி வாக்கில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். அடுத்த பதினைந்து இருபது வருஷத்துக்கு இந்தக் கணிப்பு பெரிதாகத் தவறாது, ஏனென்றால் அப்போது பிள்ளை பெறப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே பிறந்துவிட்டார்கள். அதற்குப் பிந்தியது ஊகம்தான்.

நாடே இரண்டோடு நிறுத்திவிட்டது என்பதிலும் ஒரு திருத்தம். அது சராசரி. பீகாரில் 2020இல் இன்னும் மூன்று, தமிழ்நாட்டில் 1.4. அந்த 1.4ஐயும் கவனமாகத் தொடுங்கள், ஏனென்றால் கிட்டத்தட்ட அதே காலத்தில் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டுக்கு 1.8 என்கிறது. ஒன்று வருஷம் முழுக்கப் பதிவு செய்வது, மற்றது பெண்களிடம் கடந்த மூன்று வருஷத்தைக் கேட்டுக் கணக்கிடுவது, மாதிரியும் வேறு. இரண்டுமே இரண்டுக்குக் கீழே என்பது உறுதி. எவ்வளவு கீழே என்று டீக்கடையில் பந்தயம் கட்ட வேண்டாம்.

இன்னொரு எண் உங்களைக் குழப்பப் போகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2021இல் இந்தியாவின் இறப்பு விகிதம் 6.0லிருந்து 7.5க்குத் தாவியது. அது கொரோனா. பதிவான மொத்தச் சாவு 2020இல் 81 லட்சம், 2021இல் ஒரு கோடியைத் தாண்டியது. கொரோனா என்று அதிகாரபூர்வமாக எழுதப்பட்டதோ மொத்தமாகவே ஐந்து லட்சத்துச் சொச்சம். உலக சுகாதார நிறுவனம் இரண்டு வருஷத்துக்குமாக 47 லட்சம் கூடுதல் சாவு என்றது, இந்திய அரசு அதை ஏற்கவில்லை. பதிவு செய்யும் பழக்கமே வருஷா வருஷம் கூடிவருவதால் கூடிய 20 லட்சமும் நோயால் என்று சொல்லக் கூடாது. எழுதிக் காட்டிய எண்ணிக்கை மட்டும்தான் என்று சொல்வதற்கும் கணக்கு இடம் தராது. பதிவேடு பார்த்தே வயதான எனக்கு அந்த 7.5 சாதாரண எண் இல்லை.

ஆனால் கொரோனா போனாலும் இறப்பு விகிதம் மெல்ல ஏறத்தான் போகிறது. ஆஸ்பத்திரி கெட்டதால் இல்லை, பாட்டியின் மகளும் மருமகளும் கிழவிகளாவதால். ஜப்பானில் இப்போது ஆயிரத்துக்கு 12க்கு மேல். ஆயுளில் அவர்களை நாம் நெருங்கவே இல்லை. தமிழ்நாட்டில் 2020இல் பிறப்பு 13.8, இறப்பு 6.1. ஒன்று இறங்கிக்கொண்டும் மற்றது ஏறிக்கொண்டும் வந்தால் இரண்டும் எங்கோ சந்திக்கும், பிறகு தாண்டும். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து தங்குகிறவர்கள் எத்தனை பேர் இங்கேயே குடும்பம் நடத்துவார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தால் கேரளாவின் பத்தனம்திட்டாவைப் பாருங்கள். 2001இல் அங்கே 12.3 லட்சம் பேர், 2011இல் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. பாதி வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனதால், பாதி பிறக்காததால். 2021இல் வர வேண்டிய சென்சஸ் 2027 மார்ச் 1ஐ வைத்து வரப்போகிறது; அது வெளியானதும் நான் முதலில் புரட்டப் போவது அந்த மாவட்டத்தின் வயதுவாரிப் பட்டியலைத்தான். நீங்களும் அதையே எடுத்துக்கொண்டு, பக்கத்தில் பீகாரின் ஏதாவது ஒரு மாவட்டத்தை வைத்துப் பாருங்கள், ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பேர், எழுபதுக்கு மேல் எத்தனை பேர் என்று.